யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகை சமயத்தில் எருசலேம்: இந்தத் திட்டம் சரியா?

முத்துநகர்_யாத்திரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 2027 அக்டோபரில் சபையிலிருந்து 34 பேர் ஜோர்டான், இஸ்ரவேல், எகிப்து போகிறோம். பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கூடாரப் பண்டிகையை எருசலேமிலேயே பார்க்க வேண்டும் என்பதால்தான் அந்த மாதம். டிராவல்ஸ்காரர் கொடுத்திருக்கும் திட்டம்:

8 வெள்ளி சென்னையிலிருந்து அம்மான். 9, 10 நேபோ மலை, பெட்ரா. 11 திங்கள் அல்லன்பி பாலம் வழியாக இஸ்ரவேல், எரிகோ, இரவு திபேரியா. 12, 13 கலிலேயா, நாசரேத்து. 14 வியாழன் கும்ரான், சவக்கடல், இரவு எருசலேம். 15 வெள்ளி பெத்லகேம், சாயங்காலம் மேற்குச் சுவர். 16 சனி தாவீதின் நகரம், எசேக்கியா சுரங்கம், தெற்குப் படிகள். 17 ஞாயிறு தோட்டக் கல்லறை, ஒலிவமலை. 18 திங்கள் தாபா வழியாக எகிப்து.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

திஷ்ரி_கணக்கன்

கட்டாதீர்கள். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்துவிடும்.

முதலில் 11 திங்கள். அன்று யோம் கிப்பூர், நம் வேதாகமத்தில் வரும் பாவநிவாரண நாள். ஞாயிறு சூரியன் மறைந்ததும் தொடங்கி திங்கள் இரவு நட்சத்திரம் தெரியும்வரை. அந்த ஒரு நாளில் நாடே நிற்கும். பென் குரியோன் விமான நிலையம் முந்தின நாள் மதியத்திலிருந்தே மூடிவிடும். அல்லன்பி, ஷேக் உசேன், தாபா என்று எல்லா தரைவழிக் கடவைகளும் அடைப்பு. பாலத்தில் போய் நின்றால் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அம்மானுக்கு வர வேண்டியதுதான்.

அடுத்து 16 சனி. ஓய்வுநாள், கூடவே கூடாரப் பண்டிகையின் முதல் நாள். தாவீதின் நகரமும் தெற்குப் படிகள் இருக்கும் தொல்லியல் பூங்காவும் சனிக்கிழமை திறப்பதே இல்லை. பண்டிகை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூன்றாவது 17 ஞாயிறு. தோட்டக் கல்லறைக்கு வார விடுமுறை ஞாயிறுதான். அது கிறிஸ்தவ இடம், யூதப் பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நம்மவர்கள் திட்டத்தில் அதிகம் தப்பாக விழுவது இந்த இடம்தான்.

இன்னொரு விஷயம். நாட்காட்டியில் "அக்டோபர் 16 சுக்கோத்" (கூடாரப் பண்டிகையின் எபிரேயப் பெயர்) என்று போட்டிருந்தால் 15 மாலையே ஆரம்பம் என்று படிக்க வேண்டும். டிராவல்ஸ் அட்டவணைகளில் தப்பு நடப்பது இங்கேதான். தேதியைச் சரியாகப் பார்த்துவிட்டு முந்தின நாள் பிற்பகலை மறந்துவிடுவார்கள். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் எருசலேமில் டிராம், பஸ், கடை எல்லாம் சுருட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். அன்று சூரியன் மறைவது ஆறு மணி வாக்கில். எருசலேமில் மட்டும் ஓய்வுநாளை வரவேற்று விளக்கேற்றும் நேரத்தை மறைவுக்கு 40 நிமிடம் முன்னதாகவே வைப்பார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் 18, 20 நிமிடம்.

கெதரோன்_பள்ளத்தாக்கு

இதற்குத்தான் பண்டிகைக் காலமே வேண்டாம் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வது. 34 பேர், பாதி வயதானவர்கள். நவம்பர் முதல் இரண்டு வாரம் வையுங்கள். வெயில் தணிந்திருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது, ஒரு பண்டிகையும் கிடையாது. சுக்கோத் வாரத்தில் இஸ்ரவேலில் பள்ளிக்கூடம் லீவு. மசாதா மலைக்கோட்டை, எங்கேதி, பானியாஸ் எங்கே போனாலும் உள்ளூர்க் குடும்பங்கள் சாரிசாரியாக வரும். ஹோட்டல் வாடகையும் எகிறும்.

திஷ்ரி_கணக்கன்

கூட்டமும் வாடகையும் நிஜம். ஆனால் அவர்கள் போவதே பண்டிகையைப் பார்க்க. லேவியராகமம் 23-ஐயும் யோவான் 7-ஐயும் வாசித்துவிட்டு வருகிறவர்களை நவம்பருக்குத் தள்ளினால் பயணமே வேறாகிவிடும். பண்டிகை நாளில் எந்த ஊரில், எந்தப் பகுதியில் இருப்பது என்று மட்டும் முடிவு செய்தால் போதும். யூத அரசு இடங்கள் மூடும் நாளில் சபைகளின் கையில் இருக்கும் இடங்கள் திறந்திருக்கும். நாசரேத்தில் சனிக்கிழமை கடை திறக்கும், ஞாயிறு பல கடைகள் மூடும். பழைய எருசலேமின் கிறிஸ்தவப் பகுதியிலும் முஸ்லிம் பகுதியிலும் சனிக்கிழமை சாதாரண நாள்தான்.

மாற்றுத் திட்டம் இப்படிப் போடலாம்:

8 முதல் 11 வரை ஜோர்டானிலேயே இருங்கள். பெட்ராவுக்கு முழு நாள் கிடைக்கும், வயதானவர்களுக்கும் நல்லது. 10 ஞாயிறு காலையில் அடித்துப்பிடித்துக் கடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முந்தின நாளே கடவை சீக்கிரம் மூடும். கடந்தாலும் மறுநாள் முழுக்க ஹோட்டல் அறையில்தான்.

12 செவ்வாய் ஷேக் உசேன் கடவை. அது பெத்ஷானுக்குப் பக்கம். அல்லன்பியில் கடந்து கலிலேயாவுக்கு ஏறுவதைவிட வழி குறைவு. யோம் கிப்பூருக்கு மறுநாள் என்பதால் வரிசை நீளும், காலையிலேயே போங்கள். 13 கப்பர்நகூம், மக்தலா, படகு. 14 நாசரேத்து, கானா, பிறகு யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி காசர் அல் யஹூத் (இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் இடம்), இரவு எருசலேம். 15 வெள்ளி காலை கதவு திறக்கும்போதே தாவீதின் நகரம், அடுத்து தெற்குப் படிகள். மதியத்துக்குள் இரண்டும் முடிந்தாக வேண்டும். மாலை நடந்தே மேற்குச் சுவர். 16 சனி தோட்டக் கல்லறை, ஒலிவமலை, கெத்செமனே, பிற்பகல் கல்லறைத் திருச்சபை. 17 ஞாயிறு பெத்லகேம். 18 தாபா.

ஒலிவக்கிளை

ஒலிவமலையைச் சனிக்கிழமைக்கு மாற்றியது நல்லது. உச்சியில் கர்த்தருடைய ஜெபம் பல மொழிகளில் பொறித்திருக்கும் ஆலயம் ஞாயிறு பூட்டியிருக்கும். தமிழ்ப் பலகையைத் தேடிப் போகிறவர்கள் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அதனால்தான்.

மலையில் மேலிருந்து கீழே நடக்க வேண்டும், எதிர்த்திசையில் முயலாதீர்கள். சரிவு செங்குத்து, கல் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். பஸ் மேலே இறக்கிவிட்டு கீழே கெத்செமனேயில் காத்திருக்கட்டும். அங்குள்ள ஆலயங்கள் பலவும் மதியம் 12 முதல் 2 வரை மூடும். ஆகையால் எட்டு மணிக்கு மேலே இருந்தால் பதினொன்றரைக்குக் கெத்செமனே முடியும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெத்லகேமில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். பிறந்த இடத்துக் குகைக்குள் அந்நேரம் விடுவது கடினம். பிற்பகலுக்கு வையுங்கள்.

முத்துநகர்_யாத்திரை

நன்றி பிரதர், நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். எசேக்கியா சுரங்கத்தில் வயதானவர்கள் போக முடியுமா? சனிக்கிழமை பஸ் ஓட்டுநர் வருவாரா?

சீலோவாம்

சுரங்கம் 533 மீட்டர். பாறையைக் குடைந்தது, இடுக்கான இடங்களில் தோள் அகலத்துக்குத்தான் இருக்கும். நுழைந்ததும் சில மீட்டர் தண்ணீர் தொடைவரை வரும், பிறகு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். உள்ளே விளக்கு கிடையாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நடுவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டும், திரும்பி வரவும் வழியில்லை. இருட்டுப் பயம், இடுக்குப் பயம், முழங்கால் வலி இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அவர்களுக்குத் தண்ணீரில்லாத கானானியச் சுரங்கம் இருக்கிறது. நனையாமல் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம்.

போகிறவர்களுக்கு: பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு (ஹவாய் செருப்பு தண்ணீரில் கழன்று போகும்), ஆளுக்கொரு டார்ச், முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய உடை. செல்போன் டார்ச்சை நம்பினால் ஒரு கை போனைப் பிடிப்பதிலேயே போகும், சுவரைப் பிடிக்க முடியாது. சேலை கட்டியவர்கள் சுடிதாருக்கு மாறுவது நல்லது. சுரங்கத்துக்கு இறங்கும் முன்பே படிக்கட்டு நிறைய உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்கு நுழைவாயில் பக்கம் நிழல் கிடைக்கும்.

கடைசிப் பகுதியில் கூரை சட்டென்று உயரும். இரண்டு பக்கமிருந்தும் வெட்டி வந்தவர்கள் சந்தித்ததைச் சொல்லும் எபிரேயக் கல்வெட்டு 1880-ல் அந்த முனைக்கு அருகில்தான் கிடைத்தது. அசல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில்.

நீங்கள் போகிற வாரத்துக்கும் இந்த இடத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆலயம் இருந்த காலத்தில் கூடாரப் பண்டிகை நாட்களில் ஆசாரியன் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு ஊர்வலமாக ஏறிப் போய் பலிபீடத்தில் ஊற்றுவான். யோவான் 7:37-ல் பண்டிகையின் கடைசி நாளில் இயேசு நின்று, தாகமாயிருக்கிறவனை அழைப்பது இந்தப் பின்னணியில். குளத்தின் கற்படிகள் 2004-ல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது வெளிப்பட்டன. 2023-ல் குளம் முழுவதையும் தோண்டும் வேலை தொடங்கியது. எந்தப் பகுதிக்குள் விடுகிறார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

திஷ்ரி_கணக்கன்

ஓட்டுநர் விஷயம்: அரபு ஓட்டுநர், அரபு பஸ் நிறுவனம் என்றால் சனிக்கிழமை ஓடும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. யோம் கிப்பூர் அன்று அதுவும் கிடையாது. மெயா ஷெயாரிம் மாதிரி தீவிர பக்திப் பகுதிகள் வழியாக ஓய்வுநாளில் வண்டி போகக் கூடாது. தெருவை அடைத்திருப்பார்கள், கல் விழுவதும் உண்டு.

பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் குடிமக்கள் உள்ளே வர இஸ்ரவேல் சட்டமே தடை போடுகிறது. உங்கள் வழிகாட்டி யூதர் என்றால் சோதனைச்சாவடியோடு நின்றுகொள்வார், அந்தப்பக்கம் உள்ளூர் வழிகாட்டி ஏறுவார். பண்டிகை நாட்களில் மேற்குக் கரையிலிருந்து பாலஸ்தீனர்கள் வருவதை அடைத்துவிடுவது வழக்கம். அப்போது வெளிநாட்டுக் குழு போகலாம், ஆனால் காத்திருப்பு கூடும். உங்கள் ஓட்டுநருக்கு எருசலேம் அடையாள அட்டை இல்லையென்றால் மாட்டுவார். அன்று காலை நிலவரம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

கெதரோன்_பள்ளத்தாக்கு

சரி, பண்டிகைக்கே போகிறீர்கள் என்றால் மேற்குச் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலை சூரியன் மறைந்த பிறகு போனையும் கேமராவையும் பையிலிருந்து எடுக்கவே கூடாது. ஜெபச் சீட்டு எழுதுவதும் கூடாது. எழுதுவது ஓய்வுநாளில் தடைசெய்யப்பட்ட வேலை. சீட்டு வைக்க நினைத்தால் வெள்ளி மதியமே எழுதி, மறைவுக்கு முன்பே வைத்துவிடுங்கள். அந்தச் சீட்டுகளை ஆண்டுக்கு இரண்டு முறை, பஸ்காவுக்கும் புத்தாண்டுக்கும் முன்னால், கல்லிடுக்கிலிருந்து எடுத்து ஒலிவமலையில் புதைப்பார்கள். ஆணுக்குத் தலை மூடியிருக்க வேண்டும், தொப்பி போதும். ஆண், பெண் தனித்தனிப் பகுதி. தம்பதியாக ஒரே படத்தில் நிற்க முடியாது.

ஆலய மலைக்கு மேலே ஏற ஆசையிருந்தால் ஞாயிறு முதல் வியாழன் வரைதான், முக்ராபி வாசல் ஒன்றின் வழியாகத்தான். காலையில் சில மணி நேரம், மதியத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் சுமார். வேதாகமம், பாட்டுப் புத்தகம், வெளியே தெரிகிற சிலுவை எதுவும் மேலே வரக் கூடாது. 34 பேரில் ஒருவர் கைப்பையில் வேதாகமம் இருந்தாலும் மொத்தக் குழுவும் நிற்கும். சுக்கோத் வாரத்தில் யூதக் குழுக்கள் அதிகம் ஏறுவதால் வரிசை நீளும், பதற்றமும் இருக்கும். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுவதே உத்தமம்.

எப்ரோனும் அப்படித்தான். மக்பேலா குகைக் கட்டடம் ஆண்டில் 10 நாள் முழுக்க யூதர்களுக்கு, 10 நாள் முழுக்க முஸ்லிம்களுக்கு. சுக்கோத் இடைநாட்களில் (பண்டிகையின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே வருபவை) சில முதல் பட்டியலில் வரும். ஈசாக்கின் மண்டபத்துக்குள் யூதர்கள் நுழைவது அந்த நாட்களில் மட்டும்தான். கூட்டம் சொல்லி முடியாது.

ஒலிவக்கிளை

பண்டிகையில் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே! 15 வெள்ளி காலையில் மஹனே யெஹூதா சந்தைப் பக்கம் போக முடிந்தால் பண்டிகையில் கையில் ஏந்தும் நான்கு வகைகள் விற்பதைப் பாருங்கள்: எத்ரோக் என்ற நாரத்தை மாதிரிப் பழம் ஒன்று, விரியாத பேரீச்ச ஓலைக் குருத்து ஒன்று, மிர்ட்டல் கிளை மூன்று, ஆற்றலரிக் கிளை இரண்டு. பழத்தின் மேல் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, காம்புக்கு எதிர்ப்பக்க முனை ஒடிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். முனை ஒடிந்தால் பெரும்பாலும் செல்லாது, விலை விழுந்துவிடும். கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டு அந்த முனையில் விரல் வைத்துவிடாதீர்கள்.

கூடாரத்துக்கும் சட்டம் உண்டு. கூரை வெட்டிய தழையாகவோ ஓலையாகவோ இருக்க வேண்டும், வேரோடு நிற்கும் கொடி ஆகாது. வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும். மேலே இன்னொரு மாடியோ மரமோ இருக்கக் கூடாது. அதனால்தான் எருசலேமில் பல குடியிருப்புகளின் பால்கனிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும். ஹோட்டல் வாசலில், உணவகத்தில் இருக்கும் கூடாரத்துக்குள் யாரும் நுழையலாம். வீட்டுக் கூடாரத்துக்குள் அழைத்தால் மட்டும்.

18 திங்கள் இடைநாட்களில் இரண்டாம் நாள். ஆசாரியர் ஆசீர்வாதம் வழக்கமாக அன்று காலை மேற்குச் சுவரில் நடக்கும்: எண்ணாகமம் 6-ல் வரும் ஆசீர்வாதத்தை ஆரோனின் வம்சத்தார் சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஒரே குரலில் சொல்வார்கள். நேரத்தை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். குப்பை வாசல் பக்கம் எந்த வண்டியும் வராது. யாப்பா வாசலில் இறங்கி நடக்க வேண்டும். வயதானவர்கள் சதுக்கத்துக்குள் இறங்காமல் யூதப் பகுதிப் படிகளின் மேலே நின்றால் குரலும் கேட்கும், நெரிசலும் இல்லை.

அதே வாரத்தில் எருசலேமில் கிறிஸ்தவர்களுக்கென்று 1980 முதல் நடக்கும் கூடாரப் பண்டிகைக் கூட்டமும் பல நாட்டார் கொடியோடு போகும் பேரணியும் உண்டு. பேரணி நாளில் நகரத்து நடுச்சாலைகள் பிற்பகலில் அடைப்பு.

சமையல்_சாலொமோன்

சாப்பாட்டை யாரும் தொடவில்லை. நம்மவர்கள் அதிகம் சண்டை போடுவது அதில்தான்.

கோஷர் (யூத உணவுச் சட்டப்படி நடக்கும்) ஹோட்டலில் இரவு உணவு இறைச்சி என்றால் அதன்பின் பால் டீ கிடைக்காது. கேட்டுக் கெஞ்சிப் பயனில்லை. இறைச்சியும் பாலும் ஒரே மேசைக்கு வரக் கூடாது, பாத்திரமே தனி. காலையில் பால், தயிர், முட்டை, மீன் இருக்கும், இறைச்சி இருக்காது. வெளிச்சாப்பாட்டை உணவறைக்குள் பிரிக்கக் கூடாது. ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் அறையில் வைத்து, சொந்தத் தட்டில்.

ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் காலைச் சாப்பாட்டில் சுடச்சுட ஆம்லெட் போட ஆள் இருக்காது, டோஸ்டர் அணைந்திருக்கும். லிஃப்டில் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் தானே நிற்கும்; அது கெட்டுப்போய்விட்டது என்று வரவேற்பறைக்குப் போய்ச் சொல்ல வேண்டாம், பக்கத்து லிஃப்டில் ஏறுங்கள். சனிக்கிழமை ஹோட்டல் மாறுகிற திட்டம் போடவே கூடாது. பழைய விருந்தினர் ஓய்வுநாள் முடியும்வரை அறையைக் காலி செய்யமாட்டார்கள், உங்களுக்குச் சாவி இரவில்தான் கிடைக்கும்.

யோம் கிப்பூரில் அங்கே தங்க நேர்கிறவர்களுக்கு: முந்தின நாள் மதியத்துக்குள் தண்ணீர், ரொட்டி, பழம், மருந்து வாங்கி வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளி இருந்தால் கட்டாயம். மருந்துக்கடை இருக்காது. ஆம்புலன்ஸ் ஓடும், எண் 101.

பாளை_வாசகி

இடையில் ஒரு கேள்வி. எங்கள் குழு புனித வெள்ளியையும் பஸ்காவையும் சேர்த்துப் பார்க்க 2027 ஏப்ரல் யோசிக்கிறது. சாத்தியமா அண்ணா?

திஷ்ரி_கணக்கன்

2027-ல் சேராது அக்கா. அந்த யூத ஆண்டில் ஒரு மாதம் கூடுதல். ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா தொடங்குவது ஏப்ரல் 21 மாலை. 2028-ல் அருமையாகச் சேர்கிறது: ஏப்ரல் 10 திங்கள் மாலை பஸ்கா விருந்து, 14 புனித வெள்ளி, 16 ஈஸ்டர். கிழக்குத் திருச்சபைகளுக்கும் ஈஸ்டர் அதே 16. ஆகவே 15 சனிக்கிழமை கல்லறைத் திருச்சபையில் பரிசுத்த நெருப்புச் சடங்கும் வரும். அன்று பழைய நகரத்தின் கிறிஸ்தவப் பகுதியில் போலீஸ் தடுப்பு இருக்கும். அனுமதி இல்லாமல் ஆலயத்தை நெருங்கவே முடியாது. அந்த நாளை பெத்லகேமுக்கோ கலிலேயாவுக்கோ ஒதுக்குங்கள்.

சமையல்_சாலொமோன்

பஸ்கா என்றால் சாப்பாட்டுக் கதையே வேறு. ஏழு நாளும் யூத ஹோட்டலில் ரொட்டி, சப்பாத்தி, நூடுல்ஸ், ரவை எதுவும் கிடையாது. கடைகளில் அந்த அலமாரிகளைத் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடியிருப்பார்கள். அரிசி சிக்கலானது: கிழக்கத்திய யூதர் பலர் சாப்பிடுவார்கள், ஐரோப்பிய வழி யூதர் மாட்டார்கள். அதனால் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். சோறு இல்லாமல் முடியாத குழு கிழக்கு எருசலேமிலோ நாசரேத்திலோ அரபு ஹோட்டல் எடுத்தால் பிரச்சினையே இல்லை. நீங்கள் கொண்டுபோகும் ரவா உப்புமா பாக்கெட்டை யூத ஹோட்டல் அறையில்கூட பிரிக்காமல் இருப்பது மரியாதை.

பாளை_வாசகி

நன்றி. தமிழக அரசின் எருசலேம் பயண உதவித்தொகை இதற்கெல்லாம் பொருந்துமா?

ஒலிவக்கிளை

பொருந்தும். சிறுபான்மையினர் நலத்துறை வழியாக வருவது. 37,000 ரூபாய், அருட்சகோதரிகளுக்கு 60,000. பயணம் முடித்து வந்த பிறகுதான் பணம் வரும், ஆகவே அதை நம்பி முன்பணம் திரட்ட வேண்டாம். விசா முத்திரைப் பக்கம், விமான அனுமதிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பென் குரியோனில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் தனிச் சிறு சீட்டுதான் தருவார்கள், அதுதான் உங்கள் வருகைக்குச் சான்று. நம்மவர்கள் தொலைப்பது முக்கியமாக அதைத்தான்.

முத்துநகர்_யாத்திரை

டிராவல்ஸில் பேசிவிட்டேன். 12-ல் ஷேக் உசேன் என்று மாற்றச் சம்மதித்தார்கள். 18 காலை ஆசாரியர் ஆசீர்வாதம் பார்த்துவிட்டு, வழியில் மசாதா ஏறி, அன்றே தாபா கடக்கலாமா?

கெதரோன்_பள்ளத்தாக்கு

மூன்றும் ஒரே நாளில் முடியாது. எருசலேமிலிருந்து ஏலாத் 300 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளிலேயே நாலு, நாலரை மணி நேரம் ஓட்டம். சுக்கோத் இடைநாட்களில் உள்ளூர்க்காரர் பாதிப்பேர் அதே சாலையில் ஏலாத் கடற்கரைக்குப் போவார்கள். மசாதாவில் அந்த வாரம் கேபிள் கார் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போகும். மசாதாவைத் தூக்கிவிட்டு ஆசீர்வாதத்தைப் பாருங்கள், பதினொரு மணிக்கு யாப்பா வாசலில் பஸ் ஏறுங்கள். அதற்குள் பெட்டிகள் எல்லாம் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஹோட்டலுக்குத் திரும்பி எடுக்க நினைத்தால் சாலை அடைப்பில் சிக்குவீர்கள்.

திஷ்ரி_கணக்கன்

அதோடு, கிளம்பும் வாரத்தில் வெளியுறவுத் துறை அறிவிப்பையும் கடவைகளின் நிலவரத்தையும் மறுபடி பாருங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி முன்னறிவிப்பில்லாமல் கடவை மூடுவது அங்கே புதிதல்ல. ஷேக் உசேன், அல்லன்பி இரண்டில் எது திறந்திருந்தாலும் கடக்கிற மாதிரி விசாவும் பஸ்ஸும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அல்லன்பி பக்கம் ஜோர்டான் விசா கையோடு தரமாட்டார்கள். திரும்பி ஜோர்டானுக்குள் வர நேர்ந்தால் உதவும் என்பதால், ஜோர்டான் விசாவின் செல்லுபடி தேதி பயணம் முடியும்வரை இருக்கிறதா என்று 34 பாஸ்போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.